வென்டிலேட்டரில் இருக்கும் அப்பாவின் கைகளைக் கட்டியிருப்பது ஏன்?

வைகைக்கரையான் (கேள்வி):
என் அப்பாவுக்கு 68 வயது. நிமோனியா முற்றி மூச்சுத் திணறியதால், ஐந்து நாள்களாக ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். காலையில் பத்து நிமிடமும் மாலையில் பத்து நிமிடமும்தான் உள்ளே விடுகிறார்கள். நேற்று மாலை பார்த்தபோது அவருடைய மணிக்கட்டுகள் இரண்டும் துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தன. இன்று காலை தூக்க மருந்தை வேண்டுமென்றே நிறுத்தியதாகவும், அவர் கண் திறந்து இருமித் தவித்ததாகவும் பக்கத்துப் படுக்கைக்காரரின் மகன் சொன்னார். டியூட்டி டாக்டரோ "அப்படியேதான் இருக்கிறது" என்பதற்கு மேல் பேசுவதில்லை. மீதி 23 மணி 40 நிமிடமும் உள்ளே என்னதான் நடக்கிறது என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

இரவுப்பணி:
பதினோரு ஆண்டுகளாக ஐ.சி.யூ.வில் செவிலியராக இருக்கிறேன். கையைக் கட்டுவது எங்களுக்கும் பிடித்த வேலை அல்ல. ஆனால் அரை மயக்கத்தில் இருப்பவரின் கை முதலில் போவது தொண்டைக்குழாய்க்குத்தான். அது நழுவாமல் இருக்க உள்ளே ஒரு சிறு பலூன் ஊதியிருக்கும். அதோடு சேர்த்துப் பிடுங்கினால் குரல்நாண் காயப்படலாம், மறுபடி குழாய் போடுவதற்குள் ஆக்ஸிஜன் இறங்கி இதயமே நின்றுவிடவும் கூடும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா, விரல் நுனி நீலம் பாரிக்கிறதா என்று அடிக்கடி பார்ப்போம். நீங்கள் அருகில் நிற்கும்போது அவிழ்த்துவிடச் சொல்லித் தாராளமாகக் கேளுங்கள்.

மற்றபடி, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன், குழாய்வழியே வெளிப்பையில் சேர்ந்த சிறுநீர் எத்தனை மில்லி எல்லாம் மணிக்கொரு முறை சார்ட்டில் ஏறும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் வர வேண்டும். தொடர்ந்து குறைந்தால் நள்ளிரவானாலும் டாக்டரை எழுப்பிவிடுவோம். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு முறை இடமும் வலமுமாகப் புரட்டிப் படுக்க வைப்போம். மூக்குக்குழாயில் கொடுக்கும் உணவு எதிர்த்து வந்து நுரையீரலில் இறங்காமல் இருக்கவே தலைப்பக்கத்தை 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்தி வைக்கிறோம். வாயைச் சுத்தம் செய்வதும், சரியாக மூடாத கண்ணுக்குக் களிம்பிடுவதும்கூட எங்கள் வேலைதான். சளியை உறிஞ்சும்போது அவர் முகம் சிவக்க இருமுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்; இருமல் வருகிறது என்றாலே எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி.

மூச்சுமானி:
நான் மயக்கவியல் மருத்துவர். தூக்க மருந்தை நிறுத்தியது அலட்சியம் அல்ல. நாள் முழுக்க ஆழ்ந்த மயக்கத்திலேயே வைத்திருந்தால் குழாயை எடுக்கும் நாள் தள்ளிப்போகும், தசையும் வற்றும். ஆகவே காலையில் மருந்தை நிறுத்தி, சொன்னதைக் கேட்டுக் கையை இறுக்குகிறாரா என்று பார்த்து, நிலைமை இடம் கொடுத்தால் வென்டிலேட்டரின் உதவியைக் குறைத்து அரை மணி நேரம் தானாக மூச்சுவிட வைத்துப் பார்ப்போம். தேறாவிட்டால் மருந்தைத் தொடர்ந்து, மறுநாள் மறுபடி முயல்வோம்.

வென்டிலேட்டர் நிமோனியாவைக் குணப்படுத்துவதில்லை. ஆன்டிபயாட்டிக் வேலை செய்யும் வரை உயிரைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். காற்றை அளவு மீறிச் செலுத்தினால் அதுவே நுரையீரலைக் கெடுக்கும். கடுமையாகப் பழுதான நுரையீரலுக்கு ஒரு மூச்சுக்கு, உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 12 மில்லி கொடுப்பதைவிட 6 மில்லி கொடுத்தால் இறப்பு குறைகிறது என்று 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பிறந்த கதையே கையால் மூச்சு கொடுத்த கதைதான்: 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பியோர்ன் இப்சன் என்ற மருத்துவரின் யோசனைப்படி மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாக ரப்பர் பையை அழுத்தி நோயாளிகளைக் காப்பாற்றினார்கள்.

"எப்படி இருக்கிறார்" என்று கேட்டால் "அப்படியே" என்றுதான் பதில் வரும். வென்டிலேட்டரில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம், ரத்த அழுத்தம் விழாமல் தாங்கும் நோர்அட்ரீனலின் மருந்தின் அளவு ஏறுகிறதா இறங்குகிறதா, சிறுநீர் எவ்வளவு என்று கேளுங்கள். வெளிக்காற்றில் இருப்பது 21 சதவீதம். இயந்திரம் கொடுக்க வேண்டிய அளவு 80இல் இருந்து 40க்கு இறங்கியிருந்தால் அது "அப்படியே" அல்ல, முன்னேற்றம்.

திண்ணைவாசி:
என் அம்மா குழாய் எடுத்த பிறகு, சுவரில் எறும்பு ஊர்கிறது என்று மூன்று நாள்கள் சொல்லிக்கொண்டிருந்தார். மூளைக்கோளாறோ என்று நடுங்கிப்போனோம். ஐ.சி.யூ.வில் பலருக்கு வரும் மனக்குழப்பம் என்றும், இரவும் பகலும் ஒரே விளக்கில் கிடப்பதால் அது கூடும் என்றும் செவிலியர்தான் விளக்கினார். கிடைக்கும் பத்து நிமிடத்தில் கிழமையையும் தேதியையும் சொல்லுங்கள். கண்ணாடியோ காதுக்கருவியோ இருந்தால் அனுமதி கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

வைகைக்கரையான்:
அனைவருக்கும் நன்றி. இன்று மாலை கேட்டேன்: ஆக்ஸிஜன் 70இல் இருந்து 50க்கு வந்திருக்கிறதாம், நோர்அட்ரீனலினை மதியமே நிறுத்திவிட்டார்களாம். நான் நின்ற நேரம் முழுவதும் வலது கையை அவிழ்த்துவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்தும் அடையாளம் தெரியாதவர்போல விழித்ததை எண்ணித்தான் கலங்கிப்போயிருந்தேன். சேர்த்த அன்று கழற்றிக் கொடுத்த அவருடைய மூக்குக்கண்ணாடி இன்னும் என் பைக்குள்தான் இருக்கிறது.