பத்து ரூபாய் பாட்டில் திட்டத்தைக் குழு போட்டதாம்!

தீட்டுக்கல் காத்து:
நேற்று வேறொரு இழையில், நகரப் பசுமைக் குழுவில் இருக்கும் 'மேல்குன்னூர்' எழுதியது இது: "ஊருக்கு ஒரு பசுமைக் குழு போதும். நாலு படித்தவர்கள் உட்கார்ந்து திட்டம் போட்டால் மலையைக் காப்பாற்றிவிடலாம். டாஸ்மாக் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திரும்பத் தரும் திட்டமே சாட்சி. நீலகிரி யோசித்தது, மற்ற மாவட்டங்கள் பின்னால் வந்தன."

ஐயா, எந்தக் குழு யோசித்தது? எந்தத் தேதிக் கூட்டம்? காட்டில் வீசிய பாட்டில் உடைந்து யானைக் காலைக் கிழிக்கிறது என்று விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் பிடித்து உலுக்கியது. 2022 மே மாதம் நீலகிரியில் ஆரம்பித்தார்கள். விற்கும்போது பத்து ரூபாய் கூட வாங்கு, பாட்டில் வந்தால் திருப்பிக் கொடு. அவ்வளவுதான். நடத்துவது டாஸ்மாக். இதில் பசுமைக் குழு எங்கே வந்தது? பந்தியில் சாப்பிட்டுவிட்டு, சமைத்ததே நான்தான் என்கிற கதையாக இருக்கிறது.

நகராட்சி சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குப்பை எப்படிப் போகிறது என்று எனக்குப் பாடம் வேண்டாம்.

மேல்குன்னூர்:
என் பெயரைப் போட்டே இழை திறந்ததற்கு நன்றி. குழு என்றால் நகராட்சி போடும் குழு மட்டும்தானா? கலெக்டர், வனத்துறை, டாஸ்மாக், போலீஸ் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் என்ன, பஜனையா? நீதிமன்றம் "ஏதாவது செய்" என்றது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் என்று தொகை வைத்தது, எந்தக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம் என்று பார்த்தது எல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்ததுதானே? அந்த யாரோதான் குழு.

டீடஸ்ட்:
பஜனையில் சுண்டலாவது கிடைக்கும். குழுவில் பிஸ்கட்தான்.

தீட்டுக்கல் காத்து:
"யாரோ" என்பதும் குழுவும் ஒன்று என்றால் எங்கள் தெருவில் சீட்டாடுகிறவர்களும் குழுதான். பத்து ரூபாய் யார் போட்டது என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. குறித்துக்கொள்கிறேன்.

குழு எப்படித் திட்டம் போடும் என்று நான் சொல்கிறேன், கேளுங்கள். முதல் கூட்டம்: லோகோவில் வரையாடா, குறிஞ்சிப்பூவா. இரண்டாவது: செல்ஃபி பாயிண்ட் எங்கே வைப்பது. மூன்றாவது: மரம் நடு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது. எந்த வார்டில் தினம் எவ்வளவு குப்பை விழுகிறது என்ற தாளை யாரும் மேசையில் வைப்பதில்லை. எடை போட்டால்தானே தாள் இருக்கும்! ஊட்டியில் 36 வார்டு, குன்னூரில் 30. பஸ் ஸ்டாண்டு வார்டும் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகள் இருக்கும் வார்டும் ஒன்றா? மே மாதம் வண்டியில் வருவது பேப்பர் கப்பும் தின்று போட்ட சோளத் தக்கையும். நவம்பரில் அதே வண்டியில் மழையில் ஊறிய காய்கறிக் கழிவு. சாக்கைத் தூக்கினால் அடியிலிருந்து கறுப்புத் தண்ணி முழங்கை வரை வழியும். டன் கணக்கில் கூலி பேசி டெண்டர் விட்டால் அந்த மழைத் தண்ணிக்கும் சேர்த்துக் காசு போகும். இது தெரிந்தவர் தூய்மைப் பணியாளர். அவரை உங்கள் குழுவில் போட்டிருக்கிறீர்களா? வேண்டாம், வாசலில் நிற்க வைத்தாவது ஒரு வார்த்தை கேட்டீர்களா?

கோடைக்காரன்:
அண்ணே, நீங்க பத்து ரூபாய்க்கே இப்படி அடிச்சுக்கிறீங்க. எங்க கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. உங்களைவிட டபுள்.

தீட்டுக்கல் காத்து:
தம்பி, இருபது பெரிய எண் என்பது எனக்கும் தெரியும். பத்து ரூபாய் திரும்பி வரும், உங்கள் இருபது வராது. அதுதான் வித்தியாசம். இருபது கட்டியவன் "காசு கொடுத்தாச்சு, பாட்டில் என் இஷ்டம்" என்று உங்கள் ஊர்த் தூண் பாறையில் வீசிவிட்டுப் போவான். பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்றால், குடித்தவன் வீசினாலும் பின்னால் வருகிறவன் பொறுக்கிக் கடையில் கொடுப்பான். காசு பாட்டிலோடு நடக்க வேண்டும்.

மேல்குன்னூர்:
ஆக, திட்டம் நல்ல திட்டம் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

தீட்டுக்கல் காத்து:
திட்டம் நல்லதில்லை என்று எங்கே சொன்னேன்? குழு போடவில்லை என்றுதான் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படிக்கவும்.

கோடைக்காரன்:
வீசுவான் வீசுவான்னு எங்க ஊரைச் சொல்றீங்களே, உங்க ஊட்டி ஏரிக்குள்ள கோடப்பமந்து கால்வாய் என்னத்தைக் கொண்டு வருது? பன்னீரா? எங்க ஏரியைப் பாருங்க.

டீடஸ்ட்:
ஏரிச் சண்டை ஆரம்பம். ஊட்டி ஏரி வெள்ளைக்கார கலெக்டர் சல்லிவன் காலம், 1820-கள். கொடைக்கானல் ஏரி இன்னொரு வெள்ளைக்கார அதிகாரி லெவிஞ்ச் வெட்டியது, 1863. வயசில் மூத்தவருக்கு மரியாதை கொடுங்கப்பா.

கோத்தகிரி சாந்தி:
அண்ணா, பத்து ரூபாயையும் ஏரியையும் கொஞ்சம் விடுங்க. நான் ஒன்று கேட்கிறேன். வார்டு குழு, பகுதி சபை என்று 2022-ல் அரசு விதி வந்தது. கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு. பகுதி சபை என்பது வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடுவது. பகுதி சபை வருஷத்துக்கு நாலு தடவை கூட வேண்டும், நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தன்றும் கூடுகிறது. சட்டப்படி இப்படி ஒன்று இருக்கும்போது, தனியாகப் பசுமைக் குழு எதற்கு? அதற்கு ஆட்களை யார் தேர்ந்தெடுத்தார்கள்? எனக்குத் தெரிந்த ஒரு ஊரில் இந்த மாதிரிக் கூட்டத்தை வேலை நாளில் காலை 11 மணிக்கு வைக்கிறார்கள். அந்த நேரத்தில் கொழுந்து பறிக்கிற பெண்கள் வருவார்களா, ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள் வருவார்களா? அப்புறம் அவர்கள் பெயரிலேயே பச்சை, நீலம் என்று மூடி போட்ட தொட்டி வைக்கிறார்கள். எங்கள் பக்கம் எண்ணெய் வாசத்துக்குக் கரடி வரும். சத்துணவுக் கூடத்துக் கதவையே பெயர்க்கிற கரடிக்கு மூடி ஒரு விஷயமா? காலையில் பார்த்தால் பச்சை, நீலம் இரண்டும் ஓடையில் கிடக்கும். இதையெல்லாம் பகுதி சபையில் சொன்னால் உடனே தெரியும்.

மேல்குன்னூர்:
சாந்தி மேடம், பகுதி சபையில் சாக்கடையும் தெருவிளக்கும் தவிர வேறு பேசுவதில்லை. பத்து ரூபாய் திட்டம் மாதிரி ஒன்றை யோசிக்க நிபுணர்கள் வேண்டும்.

தீட்டுக்கல் காத்து:
திரும்பவும் பத்து ரூபாய்! நிபுணர் எங்கே இருந்தார் ஐயா அதில்?

மேல்குன்னூர்:
சரி, கோர்ட் கோர்ட் என்கிறீர்களே. சுப்ரியா சாஹு இங்கே கலெக்டராக இருந்தபோது, 2000-களின் தொடக்கத்திலேயே, நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. மாநிலம் முழுக்கத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல்தான். ஊரே சேர்ந்து செய்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் கடைக்காரர்கள் வரை. அதற்கு எந்த நீதிபதி உலுக்கினார்?

தீட்டுக்கல் காத்து:
அது கலெக்டர். கலெக்டர் குழு இல்லை. கலெக்டரிடம் கையெழுத்து இருக்கிறது, அபராதம் போடும் ஆள் இருக்கிறது. உங்கள் குழுவிடம் இருப்பது வாட்ஸப்.

மேல்குன்னூர்:
நீதிமன்றம் செய்தால் குழு இல்லை. கலெக்டர் செய்தால் குழு இல்லை. டாஸ்மாக் செய்தால் குழு இல்லை. நீங்கள் செய்தால் மட்டும்தான் கணக்கா? சுகாதாரப் பிரிவில் இருந்தீர்களே, உங்கள் காலத்தில் தீட்டுக்கல் என்ன பூந்தோட்டமாகவா இருந்தது?

தீட்டுக்கல் காத்து:
வந்துவிட்டாரா தனிப்பட்ட தாக்குதலுக்கு. பூந்தோட்டம் இல்லை, குப்பை மேடுதான். அதனால்தான் இந்தப் பெயரில் எழுதுகிறேன். மலையில் சமதரையே கிடையாது. ஊருக்குக் கீழே கொட்டினால் ஓடை, மேலே கொட்டினால் குடிதண்ணி. எங்கே கொட்டுவது என்று ஒரு குழுவும் எங்களுக்கு எழுதித் தரவில்லை. ஆனால் ஓட்டல்காரர்கள் நிறைய எழுதித் தந்தார்கள், வண்டி ராத்திரி வர வேண்டும், வாசனை வரக்கூடாது என்று. 2016 திடக்கழிவு விதியில் தினம் 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுகிறவர்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் இடத்திலேயே உரமாக்க வேண்டும் என்று இருந்தது. உங்கள் குழுவில் இருக்கும் ஓட்டல் முதலாளிகளிடம் இதைக் கேட்டீர்களா? கேட்க மாட்டீர்கள். பிஸ்கட் அவர்கள் வாங்கித் தருவது.

டீடஸ்ட்:
பிஸ்கட் விஷயத்தில் நான் சொன்னது உறுதியாகிவிட்டது.

கோத்தகிரி சாந்தி:
ஓட்டல் என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். நாங்கள் இரண்டு ரூம் வைத்து ஹோம் ஸ்டே நடத்துகிறோம். 100 கிலோ எங்களுக்கு ஒரு சீசன் குப்பை. அதையும் பிரித்துத்தான் கொடுக்கிறோம். வண்டிக்காரர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போகிறார்.

தீட்டுக்கல் காத்து:
வண்டிக்காரர் ஏன் ஒன்றாகக் கொட்டுகிறார்? வண்டியில் தடுப்பு கிடையாது. வண்டி வாங்கும்போது தடுப்பு போடச் சொல்லாதது யார்? வண்டியைக் கொடியசைத்து அனுப்பிய போட்டோவில் நிற்பது யார்? நான் பெயர் சொல்லவில்லை.

ஹெத்தைப்பேரன்:
பாட்டில் என்றதும் எல்லாருக்கும் டாஸ்மாக் பாட்டில்தான் ஞாபகம் வருகிறது. எங்கள் ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், வந்து பாருங்கள், கேரட் தோட்டத்து வரப்பில் பூச்சிமருந்து பாட்டில் கிடக்கும். அதை யாரும் பத்து பைசாவுக்குக்கூட வாங்குவதில்லை. மழை பெய்தால் கழுவிக்கொண்டு ஓடைக்குப் போகிறது. கேரட் கழுவும் மெஷின் தண்ணியும் அங்கேதான். அந்தத் தண்ணி கீழே போய் டவுனுக்குத்தான் வரும். டவுன் குழு எங்களைக் கூப்பிட்டதே இல்லை.

மேல்குன்னூர்:
தம்பி, இது நகரக் குழு. ஹட்டி விஷயம் பஞ்சாயத்தில் பேச வேண்டியது.

ஹெத்தைப்பேரன்:
ஓடைக்கு நகராட்சி எல்லை தெரியுமா சார்? கேரட் மட்டும் டவுனுக்கு வேண்டும், ஹட்டி வேண்டாமா?

மேல்குன்னூர்:
நான் அப்படிச் சொல்லவில்லை. வார்த்தையைத் திரிக்க வேண்டாம்.

ஹெத்தைப்பேரன்:
மேலே அப்படியேதான் இருக்கிறது. திரிக்க வேண்டிய அவசியமே இல்லை.

கோடைக்காரன்:
எங்க இருபது ரூபாயைப் பத்தி யாரும் பேசலையே?

தீட்டுக்கல் காத்து:
பேசியாகிவிட்டது. வரி. திரும்பாது. அடுத்து.

டீடஸ்ட்:
ஒரு சந்தேகம். மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் யார் போட்டது? குழுவா, கோர்ட்டா?

தீட்டுக்கல் காத்து:
கோர்ட். 2024 மே 7 முதல், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சேர்த்து. 2025 சீசனுக்கு, ஏப்ரல் முதல், நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 என்று எண் வைத்ததும் கோர்ட்தான்.

மேல்குன்னூர்:
ஒரு மலை எத்தனை வண்டி தாங்கும் என்று ஆய்வு செய்யச் சொன்னது யாரிடம்? சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும். நிபுணர்கள்! குழு! நான் சொன்னதுதான் வந்து நிற்கிறது. பத்து ரூபாய் திட்டத்திலும் இதே கதைதான்.

தீட்டுக்கல் காத்து:
பத்து ரூபாய் திட்டத்தில் எந்த ஐஐடி வந்தது? பேராசிரியர் குவார்ட்டர் பாட்டிலை எண்ணினாரா?

கோத்தகிரி சாந்தி:
எண்ணுகிறவர் கடையில் நிற்கிற ஊழியர். விற்பனையும் பார்த்து, காலி பாட்டிலும் வாங்கி, சில்லறையும் கொடுக்க வேண்டும். அவர்கள் வேலைச்சுமை என்று போராடினார்களே, அதை இங்கே ஒருத்தரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் சாயங்காலம் வரிசை இரண்டாகப் பிரியும், வாங்க ஒன்று, கொடுக்க ஒன்று.

மேல்குன்னூர்:
அதற்குத்தான் திட்டமிடல் வேண்டும் என்கிறேன்.

தீட்டுக்கல் காத்து:
உங்கள் திட்டமிடலைத் தண்ணீர் ஏடிஎம்மில் பார்த்தோம். 2019-ல் தண்ணி பாட்டிலுக்குத் தடை போட்டு, பதிலுக்கு ஏடிஎம் வைத்தார்கள். யோசனை நல்லதுதான். பழுது பார்க்க ஆள் யார், பில்டர் மாற்றக் காசு எந்தத் தலைப்பில் என்று எழுதி வைத்தார்களா? நான் தினம் கடந்து போகும் ஒன்றில் நாணயம் போட்டால் நாணயம் மட்டும் உள்ளே போகும். டூரிஸ்ட் ரெண்டு தட்டு தட்டிவிட்டு, கடையில் ஒளித்து வைத்த பாட்டிலைக் கேட்டு வாங்குகிறான். திறக்கிற அன்று ரிப்பன், மறுநாள் சாவி யாரிடம் என்று தெரியாது. எந்தத் திட்டமானாலும் முதல் பக்கத்தில் ரிப்பேர்காரர் போன் நம்பர் இருக்க வேண்டும். பத்து ரூபாய் ஓடுகிறது என்றால், அதில் ரிப்பேர் பண்ண ஒன்றுமே இல்லை.

மாடரேட்டர்:
தனிப்பட்ட சாடல் வேண்டாம். தலைப்பு, உள்ளூர்ப் பசுமைத் திட்டங்களைக் குழு எப்படி வகுக்க வேண்டும் என்பது.

தீட்டுக்கல் காத்து:
தலைப்பு நான் வைத்தது. பத்து ரூபாய் பற்றியது.

மேல்குன்னூர்:
இங்கே எழுதுவது சுலபம். புதன்கிழமை எங்கள் கூட்டத்துக்கு வந்து நேரில் சொல்லுங்கள். வார்டு வாரியாக எடை போடும் யோசனையையும் அஜெண்டாவில் வைக்கச் சொல்கிறேன்.

தீட்டுக்கல் காத்து:
வைக்கச் சொல்கிறாராம். எடை மெஷின் எங்கே வைப்பீர்கள், அதைச் சொல்லுங்கள் முதலில். குப்பை மேட்டு வாசலிலா, வார்டிலா?

கோத்தகிரி சாந்தி:
எத்தனை மணிக்குக் கூட்டம்?

மேல்குன்னூர்:
காலை 11.

கோத்தகிரி சாந்தி:
நான் எழுதியதை ஒரு வரிகூடப் படிக்கவில்லை போல.

ஹெத்தைப்பேரன்:
புதன் எங்களுக்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு போகிற நாள். தவிர, அது நகரக் குழுவாயிற்றே.

மேல்குன்னூர்:
வர விருப்பம் இல்லாதவர்களுக்கு ஆயிரம் காரணம்.

தீட்டுக்கல் காத்து:
நான் வருகிறேன். ஆனால் மினிட்ஸ் புத்தகத்தை நான்தான் எழுதுவேன். சம்மதமா?

மேல்குன்னூர்:
அதைச் செயலாளர்தான் எழுத வேண்டும்.

தீட்டுக்கல் காத்து:
செயலாளர் யார்? எந்த ஓட்டல்?