கலைச்சொல் வேண்டும்: மண்ணோடு பெயர்த்த புல்லுக்கு

மொழிபெயர்ப்பாளர், ரொறன்ரோ:
அன்பர்களே, இங்குள்ள தோட்டக் கடை ஒன்றுக்குத் தமிழில் கையேடு செய்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பண்ணையில் வேரும் மண்ணுமாகச் சீவியெடுத்துச் சுருட்டி விற்கும் புல்லுக்கு என்ன பெயர் வைப்பது? நம்மவர் ஆங்கிலப் பெயரை (sod) அப்படியே எடுத்து ‘சொட்’ என்றே சொல்கிறார்கள். சொல் பொருந்த வேண்டிய இடம் இது: ‘ஒன்று 2 அடி அகலம், 5 அடி நீளம். 800 சதுர அடிக்கு 80 வேண்டும். ஓரங்களில் வெட்டுப்படும் என்பதால் 5 முதல் 10 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். வந்த அன்றே விரித்துவிடுங்கள்; சுருட்டியபடி கிடந்தால் உள்ளே சூடேறி மஞ்சளாகிவிடும்.’

தமிழாசிரியர், தஞ்சாவூர்:
புற்பத்தை. தேங்காய்ப் பத்தை என்கிறோமே, அந்தப் பத்தை. ‘சொட்’ வேண்டவே வேண்டாம். தரையில் சொட்டை விழாதிருக்கத்தான் இதை வாங்குகிறார்கள். அதற்குப் பெயர் சொட்டா? சொட்டு, சொட்டை, சொத்தை மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணம்:
ஐயா, எங்கள் பக்கம் பற்றை என்றால் புதர். பேச்சில் அது பத்தைதான். ரொறன்ரோவில் இதைப் படிக்கப் போகிறவர்களில் பலர் எங்கள் ஊர்க்காரர். முற்றத்தில் பற்றையை விரிக்கச் சொல்வீர்களா? புற்பாய் எனலாம். விரிக்கலாம், சுருட்டலாம்; வினைகள் தாமாகவே வந்து சேர்கின்றன.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:
புறக்காழ், அதாவது வெளிப்புறத்தில் வயிரம், உடையது புல் என்கிறது தொல்காப்பிய மரபியல். அப்படியானால் பனையும் தென்னையும் புல். பனையோலைப் பாயும் புற்பாய்தான், அம்மா.

நாற்றுப் பண்ணைக்காரர், ஓசூர்:
எங்கள் பண்ணையில் துண்டுகளாக வெட்டி அடுக்கித்தான் அனுப்புகிறோம். அதனால் புற்சுருள் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். வாங்குகிறவர் லான் என்கிறார், நாங்களும் லான் என்கிறோம், வியாபாரம் நடக்கிறது. கீழே 15 செ.மீ. மண்ணைக் கிளறிச் சமப்படுத்த வேண்டும், செங்கல் வரிசைபோல் இணைப்புகளை மாற்றிப் பதிக்க வேண்டும், முதல் இரண்டு வாரம் ஈரம் காயக் கூடாது. பெயருக்கு முன்னால் இவற்றை எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், ரொறன்ரோ:
அவை மூன்றாம் பக்கத்தில் இருக்கின்றன, ஐயா. கடைக்காரரின் தாயாரிடம் சொற்களைக் காட்டினேன். புற்பத்தைக்கு முகம் சுளித்தார். புற்பாயைப் பார்த்துவிட்டு, ‘புற்று வந்த பாயா?’ என்றார். ‘புல்பாய்’ என்று எழுதியதும் விளங்கிக்கொண்டார்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:
வல்லினம் வந்தால் லகரம் றகரமாகும். இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

நிரலாளர், சிங்கப்பூர்:
பல்பொடி என்றுதானே கடையில் கேட்கிறோம்?

தமிழாசிரியர், தஞ்சாவூர்:
பற்பசை என்றும் கேட்கிறீர்கள்.

மொழிபெயர்ப்பாளர், ரொறன்ரோ:
நாளை வெள்ளி. ‘புல்பாய்’ என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘மண்ணோடு பெயர்த்தெடுத்த புல்’ என்ற விளக்கம் வரும். உதவிய அனைவருக்கும் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருக்கிறேன்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:
அந்தப் பட்டியலில் என் பெயர் வேண்டாம். சொட்டை குறித்த மடல் தனியே வரும்.