சொல் தேவை: ‘டிரைவிங் ஃபார் டாலர்ஸ்’, ‘பேண்டிட் சைன்’

ந., டாலஸ்:

நண்பர்களே, வணக்கம்.

பழைய வீட்டை வாங்கிச் செப்பனிட்டு விற்பவர்களுக்கும் வாடகைக்கு விடுபவர்களுக்குமாக ஒரு தமிழ்க் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். அமெரிக்கச் சட்டம், அமெரிக்கத் தபால், அமெரிக்கத் தெரு. படிப்பவர்கள் மட்டும் தமிழர்கள். அடமானம், கிரயம், வில்லங்கம் என்று மற்ற இயல்களுக்கெல்லாம் சொல் கைவசம் இருக்கிறது. செலவு குறைந்த விளம்பர வழிகள் பற்றிய இயலில்தான் வேலை நின்றுபோனது.

இந்த இயலில் வரும் விளம்பரம் வீட்டை விற்பதற்காகச் செய்வதல்ல, வாங்குவதற்காகச் செய்வது. உரிமையாளர் தரகரைக் கூப்பிடும் முன்பே அவரைத் தேடிப்போய் ‘விற்கிற எண்ணம் உண்டா’ என்று கேட்கிற வேலை. ‘சந்தைப்படுத்தல்’ என்று தலைப்பு வைத்தால் படிப்பவர் நேர் எதிராகப் புரிந்துகொள்வார். ‘வீடு தேடல்’ என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன்.

முதல் சிக்கல், ‘டிரைவிங் ஃபார் டாலர்ஸ்’. ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்துத் தெருத்தெருவாகக் காரில் ஊர்ந்து, கவனிப்பாரற்ற வீடுகளைக் குறித்துக்கொள்வது. கூரையில் நீலத் தார்ப்பாய், பலகை அடித்த ஜன்னல், பிதுங்கி வழியும் தபால்பெட்டி, கதவில் நகராட்சி ஒட்டிய அறிவிப்பு இவையெல்லாம் அடையாளம். ஒருவர் ஓட்ட, ஒருவர் எழுத வேண்டும். தனியாளாகச் செய்தால் கதவிலக்கம் தப்பும். பக்கத்து வீட்டுக்குக் கடிதம் போய்ச் சேரும்.

இதற்கு என்ன சொல்லலாம்?

செ., மதுரை:

‘டாலருக்காக ஓட்டுதல்’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள், கால் டாக்சி ஓட்டுநர் என்று நினைத்துக்கொள்வார்கள். டாலரையும் வண்டியையும் கழற்றிப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். நடந்து போய்ச் செய்தாலும் சைக்கிளில் போய்ச் செய்தாலும் அதே வேலைதானே? கிரிவலம், நகர்வலம் மாதிரி ‘தெருவலம்’ என்று வைக்கலாம்.

ந., டாலஸ்:

> கிரிவலம், நகர்வலம் மாதிரி ‘தெருவலம்’

காதுக்கு நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் வலம் என்றால் சுற்றிவந்து முடித்துவிடுவது. இங்கே சுற்றுவது பாதி, பார்ப்பது மீதி. எதைப் பார்ப்பது என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது.

உதாரணத்துக்குப் புல். டாலஸில் புல் 12 அங்குலத்துக்கு மேல் வளர்ந்தால் நகராட்சி விதிமீறல். ஏப்ரல், மே மழைக்குப் பிறகு உயர்ந்து நிற்கும் புல் நல்ல துப்பு. ஆகஸ்ட் வெயிலில் ஊர் முழுக்கப் புல் கருகிக் கிடக்கும். அப்போது அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. புல்லைவிட நம்பகமானது குப்பைத் தொட்டி. குப்பை வண்டி வருகிற நாள் காலையில் போனால் வரிசையாக எல்லார் வாசலிலும் தொட்டி நிற்கும். எந்த வாசலில் இல்லையோ அந்த எண்ணைக் குறிக்க வேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து இல்லையென்றால் வீடு பெரும்பாலும் காலி. வளாகத்துக்குள் கால் வைக்கத் தேவையே இல்லை. மின்மீட்டர் ஓடுகிறதா என்று பக்கவாட்டில் எட்டிப் பார்க்கச் சொல்லும் ஆலோசகர்களும் உண்டு. அது அத்துமீறல், கையேட்டில் சேர்க்கவில்லை.

‘தெருநோட்டம்’ எப்படி?

செ., மதுரை:

‘நோட்டம் விடுறான்’ என்றால் எங்கள் பக்கம் திருட வந்தவன். அதுதான் இடிக்கிறது.

ஆனால் அந்தச் சொல்லுக்கு இன்னொரு குடும்பமும் உண்டு. நாணயத்தின் மாற்றுப் பார்ப்பது நோட்டம், பார்ப்பவர் நோட்டக்காரர். ஒரே மாதிரித் தெரியும் காசுக் குவியலில் கள்ளக்காசை விரல்பட்டதும் பிரித்துவிடுவார். ஒரே மாதிரித் தெரியும் வீட்டு வரிசையில் ஒன்றைப் பிரித்தெடுக்கிற வேலைக்கு இது பொருந்தத்தான் செய்கிறது. என் தெருவலத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ந., டாலஸ்:

திருட்டு வாடையும் முழுப்பொய் இல்லை ஐயா. குடியிருப்புத் தெருவில் ஊர்ந்துபோகிற காரைப் பார்த்து அண்டை வீட்டார் போலீசைக் கூப்பிடுவது இங்கே சகஜம். கார்க் கதவில் நிறுவனத்தின் பெயர்ப்பலகை இருந்தால் அந்தச் சந்தேகம் பாதி குறையும், அதுவே விளம்பரமும் ஆகிவிடும். 12க்கு 24 அங்குலக் காந்தப் பலகை போதும். வாரம் ஒரு முறை கழற்றி இரண்டு பக்கமும் துடைக்காவிட்டால் அடியில் ஈரமும் தூசும் சேர்ந்து பெயின்ட்டில் தடம் விழும். 2015 மாடல் முதல் வந்த ஃபோர்டு எஃப்-150 போன்ற அலுமினிய உடல் வண்டிகளில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. அச்சடிக்கக் கொடுக்கும் முன் ஒரு ஃபிரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காந்தப் பலகைக்குச் சொல் விவாதம் வேண்டாம், அது காந்தப் பலகைதான்.

வ., ஹூஸ்டன்:

நோட்டம் முடிந்த பிறகுதான் உண்மையான வேலை. முகவரியை வைத்து உரிமையாளரைப் பிடிப்பது. டாலஸ் மத்திய மதிப்பீட்டு மாவட்டத்தின் (வரிக்காகச் சொத்தை மதிப்பிடும் அமைப்பு) இணையதளத்தில் கதவிலக்கத்தைப் போட்டால் உரிமையாளர் பெயர், வரிக் கடிதம் போகும் முகவரி இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். வீட்டு முகவரியும் கடித முகவரியும் வேறுவேறாக இருந்தால் அவர்தான் நாம் தேடுகிற ஆள். குடியிருப்பவருக்கான வரிச்சலுகை அந்தப் பக்கத்தில் இல்லையென்றால் இன்னொரு துப்பு. ஆனால் அங்கேயே குடியிருந்தும் விண்ணப்பிக்க மறந்தவர்கள் உண்டு, அதை மட்டும் நம்ப வேண்டாம்.

கையேட்டு வரைவில் இவரை ‘வெளியூர் உரிமையாளர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு. இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவரும் இதில் வருவார். ஊர் முக்கியமில்லை, அந்த வீட்டில் குடியில்லை என்பதே செய்தி. ‘குடியிரா உரிமையாளர்’ என்று இருக்கட்டும்.

உரிமையாளர் பெயருக்கு முன்னால் ‘எஸ்டேட் ஆஃப்’ என்று வந்தால் அவர் காலமாகிவிட்டார். இறந்தவர் பெயருக்கே ‘உங்கள் வீட்டை வாங்க ஆசை’ என்று கடிதம் போட்டால் வாரிசுகள் அதைப் பிரித்துப் படிக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். அந்த முகவரிகளைத் தனியே எடுத்து வைத்து, நீதிமன்றப் பதிவில் நிர்வாகி யார் என்று பார்த்து அவருக்கு எழுத வேண்டும்.

அஞ்சல் வகையிலும் பலர் காசை மிச்சம் பிடிக்கப் போய் ஏமாறுகிறார்கள். விலை குறைந்த விளம்பர அஞ்சலில் அனுப்பினால், திருப்பி அனுப்பச் சொல்லும் தனிக் குறிப்பு அச்சடிக்காத வரை, சேராத கடிதத்தைத் தபால்காரர் குப்பையில் போட்டுவிடுவார். நமக்குத் தெரியவே தெரியாது. முதல் வகுப்பு தபால்தலை ஒட்டினால், ஆள் இடம் மாறித் தெரிவித்திருந்தால் 12 மாதம் வரை புது முகவரிக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். 13 முதல் 18 மாதம் வரை, புது முகவரியை மஞ்சள் சீட்டில் ஒட்டி நமக்குத் திருப்புவார்கள். நோட்டத்தில் கிடைத்தது 60 வீடு என்றால் அந்த மஞ்சள் சீட்டுகள்தான் புதையல், ஏனென்றால் மற்ற முதலீட்டாளர்கள் எல்லாரும் இன்னும் பழைய முகவரிக்கே எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒரே கடிதத்தோடு விடவும் கூடாது. 4 முதல் 6 வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது 5 கடிதம்.

பட்டியலை வைத்துக் கூட்டமாகக் குறுஞ்செய்தி அனுப்பலாமா என்று கேட்பார்கள். தானியங்கி மென்பொருளில், ஒப்புதல் வாங்காமல் அனுப்பினால் 1991ஆம் ஆண்டுத் தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கு வரலாம். செய்தி ஒன்றுக்கு 500 டாலர், தெரிந்தே செய்தால் 1,500 வரை. ‘குறைந்த செலவு’ இயலில் இதற்கு இடமில்லை.

ந., டாலஸ்:

‘குடியிரா உரிமையாளர்’ ஏற்றுக்கொள்கிறேன். அடுத்தது ‘பேண்டிட் சைன்’. சாலையோரம் ‘வீடு வாங்குகிறோம், ரொக்கம்’ என்று மஞ்சளில் கறுப்பாக நிற்குமே, அது. ‘கொள்ளையர் பலகை’ என்று ஒருவர் மொழிபெயர்த்து அனுப்பியிருக்கிறார். வேண்டாம்.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். 18க்கு 24 அங்குலம், 4 மி.மீ. கனமுள்ள நெளிவு பிளாஸ்டிக் அட்டை. உள்ளே வைக்கோல் குழல் மாதிரி வரிசையாகத் துளைகள். கீழே ‘எச்’ வடிவக் கம்பி. கம்பியின் இரு முனைகளும் அந்தத் துளைகளுக்குள் ஏற வேண்டும். அச்சகத்தில் ‘துளை மேலிருந்து கீழாக ஓட வேண்டும்’ என்று எழுதிக் கொடுக்காவிட்டால், தாள் வீணாகாமலிருக்க அட்டையைக் குறுக்கே திருப்பி வெட்டிவிடுவார்கள். நூறு அட்டை வந்து இறங்கும், ஒன்றில்கூடக் கம்பி ஏறாது.

எழுத்தின் உயரம் 1 அங்குலம் என்றால் சிரமமில்லாமல் 10 அடியிலிருந்து படிக்கலாம் என்பது பலகை எழுதுபவர்களின் கணக்கு. தொலைபேசி எண்ணை மூன்றரை அங்குலத்துக்கு எழுதினால் 35 அடி. மணிக்கு 40 மைலில் போகிற கார் விநாடிக்கு 59 அடி ஓடும். அதாவது படிக்க அரை விநாடிக்குச் சற்று அதிகம். ஓடுகிற சாலையில் நட்டு என்ன பயன்? சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும் இடத்தில்தான் எண் மனதில் பதியும்.

சட்டம் தனிக் கதை. நடைபாதையோரப் புறம்போக்கில் அனுமதியில்லாமல் நடுவது பெரும்பாலான நகரங்களில் குற்றம், அபராதம் பலகைக் கணக்கில். மின்கம்பத்தில் ஆணியடிப்பது இன்னும் மோசம். கம்பம் ஏறும் ஊழியரின் ரப்பர்க் கையுறை கிழியும். ‘வெள்ளி இரவு நட்டு ஞாயிறு இரவு பிடுங்கு, அதிகாரி விடுமுறையில் இருப்பார்’ என்ற உபதேசம் எல்லா வகுப்பிலும் உண்டு. ஆனால் பலகையில் இருப்பது நம் தொலைபேசி எண். திருடப் போன இடத்தில் முகவரிச் சீட்டு வைத்துவிட்டு வருகிற கதை. ஃபுளோரிடாவின் ஹாலிவுட் நகராட்சி, அந்த எண்களுக்கே தானியங்கி அழைப்பை விடாமல் அனுப்பி, வாடிக்கையாளர் அழைப்பு நுழைய முடியாதபடி செய்தது.

செ., மதுரை:

கண்ணை மூடிக்கொண்டு ‘தட்டி’ என்பேன். தேர்தல் நேரத்தில் சந்துமுனையில் வைப்பதற்கு நம்மிடம் இருக்கிற பெயர் அது. கம்பியில் குத்தி நிற்பதால் ‘குத்துத்தட்டி’. குத்துக்கல், குத்துவிளக்கு என்று நிமிர்ந்து நிற்பதற்கெல்லாம் ‘குத்து’ முன்னால் வருகிறதே.

சி., டொராண்டோ:

எங்கட யாழ்ப்பாணத்துச் சனத்துக்குத் தட்டி எண்டால் முதலில ஞாபகம் வாறது தட்டிவான்தான் ஐயா, அந்தப் பழைய பயணிகள் வண்டி. இல்லாட்டில் மறைப்புக்குக் கட்டுற ஓலைத்தட்டி. விளம்பரத்துக்குப் பதாகை எண்டு சொல்லுவம், ஆனால் அது துணியில கட்டுறது, இதுக்குச் சரிவராது. ‘குத்து’ முன்னுக்கு நிக்கிறபடியால் குழப்பம் வராது எண்டுதான் நினைக்கிறன். எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரு சந்தேகம். ‘பேண்டிட்’ எண்ட சொல்லில சட்டவிரோதம் எண்ட கருத்தும் இருக்கு. குத்துத்தட்டியில அது எங்க போச்சுது?

செ., மதுரை:

நல்ல கேள்வி. இரண்டாகப் பிரித்துவிடலாம். பொருளின் பெயர் குத்துத்தட்டி. தன் சொந்த வீட்டு முற்றத்திலோ, உரிமையாளரைக் கேட்டுக்கொண்டோ நட்டால் அது வெறும் குத்துத்தட்டி. கேட்காமல் பொது இடத்தில் நட்டால் ‘கள்ளத்தட்டி’. கள்ளச்சாராயம், கள்ளநோட்டு, கள்ளத்தோணி வரிசையில் அதுவும் உட்காரட்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துக்கொண்டு குழம்புகிறார்கள். நாம் ஏன் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டும்?

ந., டாலஸ்:

அருமை ஐயா. வேலை நடக்கிற வீட்டு முற்றத்தில் ஒரு குத்துத்தட்டி, கூரை மாற்றும் ஒப்பந்தக்காரரைக் கேட்டு அவர் வேலை செய்கிற இடங்களில் இன்னும் நான்கு என்று கையேட்டிலும் அந்தப் பிரிவின்படியே எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு வகை விளம்பரத்துக்கும் ஒரு தனித் தொலைபேசி எண் வாங்கிக்கொண்டால் எந்தத் தட்டி அழைத்துவந்தது, எந்தக் கடிதம் அழைத்துவந்தது என்பதும் தெரியும்.

வ., ஹூஸ்டன்:

மூடும் முன் இன்னும் ஒன்று. கதவுக் கைப்பிடியில் மாட்டுகிற நீள அட்டை, நாலேகாலுக்கு 11 அங்குலம், மேலே வட்டத் துளை. ‘கதவுத் தொங்கட்டான்’ என்று வைக்கலாமா? சிரிக்காதீர்கள். இந்த அட்டைக்கு ஒரு பிரத்தியேகக் காரணம் உண்டு. தபால்தலை ஒட்டாத எதையும் அமெரிக்காவில் தபால்பெட்டிக்குள் போடுவது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். துண்டறிக்கையைப் பெட்டியில் சொருகிவிட்டு வருகிற நம் ஊர்ப் பழக்கத்தோடு வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அஞ்சல்துறையின் ‘எவ்ரி டோர் டைரக்ட் மெயில்’ திட்டத்துக்கு வரைவில் உள்ள ‘வாசல்தோறும் அஞ்சல்’ சரி. பெயரும் முகவரியும் எழுதாமல் ஒரு தபால்காரரின் தடம் முழுவதற்கும் போடலாம். குறைந்தது 200, ஒரு நாளைக்கு ஒரு ஜிப் எண்ணுக்கு (அமெரிக்கப் பின்கோடு) 5,000 வரை. 50 முதல் 100 வரையான கட்டுகளாகக் கட்டி, மேலே விவரச் சீட்டு வைத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் அதன் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் ஒரு வரி சேருங்கள்: இது வீட்டில் இருப்பவருக்குப் போகும், வீட்டுக்குச் சொந்தக்காரருக்குப் போகாது. குடியிரா உரிமையாளரைத் தேடுகிறவர் இதில் பணம் போட்டால் வாடகைக்காரருக்குத்தான் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார். காலி வீட்டில் யார் எடுப்பார்கள்?

சி., டொராண்டோ:

தொங்கட்டான் நல்லாத்தான் இருக்கு, விடுங்கோ.

ந., டாலஸ்:

சொற்பட்டியலுக்கு அனுப்பும் வாசகம் கீழே. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

தெருநோட்டம்: ஒரு வட்டாரத்தின் தெருக்களை முறையாகக் கடந்து, கவனிப்பாரற்ற வீடுகளைப் பொதுச்சாலையிலிருந்தே அடையாளம் கண்டு குறிப்பது.

குடியிரா உரிமையாளர்: வரிப்பதிவில் உள்ள கடித முகவரி, வீட்டு முகவரியிலிருந்து வேறுபடும் உரிமையாளர்.

குத்துத்தட்டி: கம்பிக் காலில் நிலத்தில் நடும் சிறு விளம்பரப் பலகை. கள்ளத்தட்டி: அனுமதியின்றிப் பொது இடத்தில் நட்ட குத்துத்தட்டி.

கதவுத் தொங்கட்டான்: கைப்பிடியில் மாட்டும் துளையிட்ட விளம்பர அட்டை.

‘மோட்டிவேட்டட் செல்லர்’, அதாவது ஏதோ காரணத்தால் சீக்கிரம் விற்றாக வேண்டியவர், இன்னும் பாக்கி. ‘முடையில் விற்பவர்’ என்று ஒரு யோசனை வந்தது. பணமுடை இல்லாமல், வேலை மாறுதலாலும் பாகப்பிரிவினையாலும் விற்பவர்களை அது விட்டுவிடுகிறது. ‘விற்கத் துடிப்பவர்’ என்றால் நாடகத்தனம்.

செ., மதுரை:

‘தெரு நோட்டம்’ என்று பிரித்து எழுதிவிடாதீர்கள், ஒரே சொல். மற்றதற்குச் செய்தித்தாள் வரி விளம்பரத்தைப் பாருங்கள், ‘அவசர விற்பனைக்கு’ என்று எத்தனை வருஷமாகப் போடுகிறார்கள். ‘அவசர விற்பனையாளர்’ போதாதா?

வ., ஹூஸ்டன்:

‘விற்பனையாளர்’ என்றால் கடைக்காரர் ஆகிவிடுகிறார் ஐயா. ‘அவசரத்தில் விற்பவர்’ என்று போடுங்கள்.