கோர்ட்டில் கேள்வி கேட்டது யார்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

லண்டன்வாசி:
இந்தியப் பாஸ்போர்ட்காரனான எனக்கு ஜூரியில் (குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) உட்காரச் சம்மன் வந்தபோது ஆள் மாறி வந்துவிட்டது என்றே நினைத்தேன். காமன்வெல்த் நாட்டுக்காரன், வாக்காளர் பட்டியலில் பெயர் உண்டு, அஞ்சு வருஷத்துக்கு மேல் இங்கே வாசம். அது போதுமாம். கிரௌன் கோர்ட்டில் 12 பேரில் ஒருவனாக உட்கார்ந்தேன், கத்திக்குத்து வழக்கு. நான் எதிர்பார்க்காதது நீதிபதியின் மௌனம். வக்கீல்கள் மாறி மாறிக் கேட்க, அவர் குறிப்பெழுதிக்கொண்டே இருந்தார். குற்றம் சாட்டப்பட்டவன் முன்பு ஜெயிலுக்குப் போனவனா என்று கடைசிவரை எங்களுக்குச் சொல்லவில்லை. ஜூரி அறையில் என்ன பேசினோம் என்று மட்டும் கேட்காதீர்கள், சொன்னால் அதுவே குற்றம்.

பாரிஸ் அக்கா:
இஞ்ச நேர்மாறு தம்பி. கொலை வழக்கொண்டில குற்றஞ்சாட்டப்பட்ட எங்கட பெடியன் ஒருத்தனுக்கு மொழிபெயர்ப்பாளரா நாலு நாள் பக்கத்தில இருந்தனான். வக்கீல்மாருக்கு முதலே தலைமை நீதிபதி கேட்கத் தொடங்கிட்டா. கொலையைப் பற்றி இல்லை! சின்ன வயசில ஆர் வளர்த்தது, பள்ளிக்கூடம் ஏன் விட்டது, குடிக்கிறதோ, முந்தின காதலி ஏன் பிரிஞ்சவ... பழைய தண்டனையையும் எல்லாருக்கும் முன்னால வாசிச்சா. "அக்கா, இதுக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம்?" எண்டான் காதுக்குள்ள. அதையும் நான் பிரெஞ்சில சொல்லவேண்டிப் போச்சு. அவவுக்குக் கோவம் வரேல்லை. ஆளையும் விளங்கவேணும் எண்டு சொல்லிப்போட்டு அடுத்த கேள்விக்குப் போனா.
ஆறு ஜூரிமாரும் மூண்டு நீதிபதிமாரும் ஒரே அறைக்குள்ள இருந்துதான் முடிவெடுக்கிறது, தண்டனையும் அவைதான். குற்றவாளி எண்டு சொல்ல ஒன்பதில ஏழு வாக்கு வேணும். அவை உள்ள போகமுதல் கடைசிப் பேச்சு எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்ட ஆளுக்கு. பெடியன் எழும்பி நிண்டு அம்மாவைப் பற்றி ஒரு வசனம் சொன்னான். மொழிபெயர்க்க எனக்குக் குரல் வரேல்லை.

மேலூர்க்காரன்:
நான் அ.சா.3, அதாவது அரசுத் தரப்பு மூணாவது சாட்சி. சம்பவம் நடந்து ஆறு வருஷம், நாலு வாய்தா, அப்புறம்தான் கூண்டேறினேன். டவாலி மூணு தடவை பேரைக் கூப்பிட்டதும் தொண்டை காய்ஞ்சுபோச்சு. குறுக்கு விசாரணையில், "ஐயா, சத்தியமா அங்கதான் டீ குடிச்சிட்டிருந்தேன்"னு சொன்னேன். நீதிபதி டைப்பிஸ்டுக்குச் சொல்லும்போது அது "நான் சம்பவ இடத்தில் இல்லை என்று சொன்னால் சரியல்ல" ஆயிடுச்சு. நான் எங்கே அப்படிப் பேசினேன்? இருந்தாலும் கையெழுத்துப் போட்டேன்.
எதிரிகிட்ட நீதிபதி கேட்டது அரசு சாட்சி எல்லாம் முடிஞ்ச பிறகுதான், 2024 வரை இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 313-ஆம் பிரிவுக் கேள்வி. அதுக்குச் சத்தியப் பிரமாணம் கிடையாது. எல்லாக் கேள்விக்கும் "பொய்" என்ற ஒரே பதில்.

பாரிஸ் அக்கா:
இஞ்சயும் எதிரிக்குச் சத்தியம் இல்லைத் தம்பி.

லண்டன்வாசி:
இங்கே சாட்சிக் கூண்டேறினால் எதிரியும் உறுதிமொழி எடுத்தே ஆகணும், குறுக்கு விசாரணையும் உண்டு. எங்கள் வழக்கில் அவன் ஏறவேயில்லை. அந்த மௌனத்தை அவனுக்குப் பாதகமாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதை மட்டும் வைத்துத் தண்டிக்கக்கூடாது என்று நீதிபதி விளக்கினார். அவர் குரலை நீளமாகக் கேட்டது அன்றைக்குத்தான்.