புதுப்பிப்பு: பின்பால் ஃப்ளிப்பர் தாமதம் தீர்ந்தது

1997-இல் வில்லியம்ஸ் வெளியிட்ட மெடீவல் மேட்னஸ் என்ற பின்பால் மேசையின் வீடியோ கேம் வடிவத்தை வீட்டு டிவியில் ஆடும்போது, பட்டனை அழுத்தினால் பந்தை அடிக்கும் துடுப்பான ஃப்ளிப்பர் பிந்தியே எழுகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். சிக்கல் விளையாட்டில் இல்லை, டிவியில்தான். படத்தை மெருகேற்ற அது எடுத்துக்கொள்ளும் நேரம்தான் தாமதம். அந்த மெருகேற்றலைக் குறைக்கும் டிவி அமைப்பான கேம் மோடுக்கு மாற்றியதும் பட்டனை அழுத்திய கணமே ஃப்ளிப்பர் எழுகிறது!

நொடிக்கு 60 முறை படம் மாறும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு படம், சுமார் 16.7 மில்லிசெகண்ட். நாலைந்து ஃபிரேம் பிந்தினாலே பந்து ஃப்ளிப்பர் நுனியைத் தாண்டிவிடுகிறது. இத்தனை நாளும் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பந்தோடு நகரும் கேமராவையும் நிறுத்திவிட்டேன். மேசை அசையாமல் நிற்பதால் குறிவைப்பது எளிதாகிவிட்டது. இந்த மேசையில் பந்தால் கோட்டைகளைத் தாக்க வேண்டும்; நேற்று பாலத்தை இறக்கி, கதவை உடைத்து, முதல் கோட்டையைத் தகர்த்தேன். அந்த இடிபாட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

கேம் மோடைப் பார்க்கச் சொன்ன நண்பருக்கு நன்றி. அடுத்து, மேசையைத் தட்டி அசைக்கும் நட்ஜ் பழக வேண்டும். அளவு மீறினால் டில்ட்தான்: ஃப்ளிப்பர்கள் செயலிழந்து அந்தப் பந்து பறிபோகும்.