உள்ளே இருப்பவர்களோடு பேசிப் பார்த்தவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கணக்குக்காரி:

மனதுக்குள் ஒரே சமயத்தில் பல குரல்கள் எழுவது எல்லோருக்கும் நடப்பதுதான். வேலையை விட்டுவிடு என்று ஒன்று சொல்லும். வீட்டுக்கடன் இருக்கிறதே என்று இன்னொன்று இழுக்கும். மூன்றாவது, எதையும் யோசிக்க விடாமல் செல்போனைக் கையில் எடுக்க வைக்கும். இவற்றைத் தனித்தனி ஆட்களாகப் பார்த்து, அவர்களோடு பேசிப் பழகியவர்கள் இங்கே எழுதுங்கள். தெரபியில் நடந்ததோ, தனியாக உட்கார்ந்து செய்ததோ, எதுவானாலும் சரி. முதலில் என்னுடையது.

எனக்கு இது ஒரு கவுன்சலர் மூலமாக அறிமுகமானது. இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ், சுருக்கமாக ஐஎஃப்எஸ். ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் என்ற அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் 1980களில் சிகாகோவில் இதை உருவாக்கினார். அப்போது அவரிடம் புலீமியா உள்ள இளம்பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு, பிறகு வாந்தி எடுத்து வெளியேற்றும் நோய் அது. உள்ளே ஒரு பகுதி தங்களை ஓயாமல் திட்டுவதாகவும், அந்தத் திட்டில் இன்னொரு பகுதி சுருண்டு போவதாகவும், அந்த வேதனையை மறக்கடிக்க மற்றொரு பகுதி சாப்பிட வைப்பதாகவும் அவர்களே அவரிடம் விளக்கினார்கள். ஒரு குடும்பத்தில் யார் யாரோடு கூட்டு, யார் யாரை அடக்குகிறார், யாரைக் காப்பாற்ற யார் சண்டை போடுகிறார் என்று கவனித்துப் பழகியவர் அவர். அதே பார்வையை மனதுக்குள்ளும் திருப்பினார்.

இந்த முறையில் பகுதிகளை மூன்று வகையாகச் சொல்வார்கள். அடிபட்ட நினைவுகளைச் சுமந்துகொண்டு உள்ளே எங்கோ பூட்டி வைக்கப்பட்டவர்கள் எக்ஸைல்கள். அந்த வலி வெளியே வரவே கூடாது என்று முன்கூட்டியே திட்டம் போட்டு, கண்டித்து, கவலைப்பட்டு வாழ்க்கையை நடத்துபவர்கள் மேனேஜர்கள். அதையும் மீறி வலி கிளம்பிவிட்டால் குடி, சாப்பாடு, கோபம், செல்போன் என்று கையில் கிடைப்பதைக் கொண்டு அணைக்கப் பார்ப்பவர்கள் ஃபயர்ஃபைட்டர்கள். இவர்கள் யாருமே இல்லாத இன்னொன்றும் உண்டு, அதை செல்ஃப் என்கிறார்கள். நிதானமும் அக்கறையும் அதன் இயல்பு. பகுதிகள் கொஞ்சம் விலகி வழிவிட்டால் அது தானாகவே முன்னுக்கு வரும் என்பது ஷ்வார்ட்ஸின் நம்பிக்கை.

என் கதைக்கு வருகிறேன். இரவில் படுத்ததும் எனக்குள் ஒருத்தி விசாரணை தொடங்கிவிடுவாள். மீட்டிங்கில் ஏன் அப்படிச் சொன்னாய், அந்த மெயிலில் ஏன் அந்த வரியை எழுதினாய், அவர் முகம் மாறியதைக் கவனித்தாயா? இப்படி விடியும் வரை போகும். கவுன்சலர் முதலில் கேட்டது, "அவங்க உங்க உடம்புல எங்க இருக்காங்க?" என்று. பிடரியில் இறுக்கமாக இருந்தது. அடுத்து, "அவங்களைப் பார்த்தா உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றார். "எரிச்சலா இருக்கு, தொலைஞ்சு போனா நல்லாருக்கும்" என்றேன். "சரி, எரிச்சல்படறவங்களும் ஒரு பகுதிதான். அவங்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிப் பார்க்கலாமா?"

கேட்டுப் பார்த்தேன். எரிச்சல் மெல்லக் குறைந்தது. அந்த இடத்தில் "இவள் ஏன் இப்படித் தூங்காமல் உழைக்கிறாள்?" என்ற ஆவல் வந்தது. அப்போதுதான் கவுன்சலர் அடுத்த கேள்வியைக் கேட்கச் சொன்னார்: "இந்த வேலையை நீ நிறுத்திட்டா என்ன ஆகும்னு பயப்படறே?"

பதில் நான் யோசித்து வந்ததல்ல. "எல்லார் முன்னாடியும் நிக்க வைப்பாங்க" என்று வந்தது. ஆறாம் வகுப்பில் ஃபீஸ் கட்டாதவர்களை பிரேயரில் தனியாக நிறுத்தி வைப்பார்கள். அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். அதற்குப் பிறகு எந்தத் தப்பும் வெளியே தெரிவதற்குள் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று இவள் காவலுக்கு வந்திருக்கிறாள். "எனக்கு இப்ப என்ன வயசுன்னு நினைக்கிறே?" என்று அவளிடம் கேட்டேன். பதினொன்று என்றாள். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, சொந்தமாகச் சம்பாதிக்கிறேன், என்னை யாரும் அப்படி நிறுத்தி வைக்க முடியாது என்று அவளுக்கு நிதானமாகச் சொன்னேன். அன்று அழுத அழுகை எனக்குப் பல வருடக் கடன்.

அவள் போய்விடவில்லை. இப்போது மீட்டிங்குக்கு முந்தைய நாளே வந்து எதைத் தயார் செய்ய வேண்டும் என்று சொல்கிறாள், இரவில் பெரும்பாலும் விட்டுவிடுகிறாள். அந்த வரிசையில் நின்ற சின்னப் பெண்ணிடம் நான் இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. அவசரமும் படவில்லை.

மணல்காற்று:

அக்கா, நீங்கள் ஃபயர்ஃபைட்டர் என்று எழுதியதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எனக்குக் குடி.

கத்தாரில் வேலையில் இருந்தபோது அப்பா இறந்தார். விடுப்புக்கும் டிக்கெட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்ததில் அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை. வீடியோ காலில்தான் பார்த்தேன். ஊர் திரும்பிய பிறகு குடி அதிகமாகி, மறுவாழ்வு மையம் வரை போனேன். போகிற இடமெல்லாம் குடியை எதிரியாகப் பார்க்கத்தான் சொன்னார்கள், நானும் அப்படியே பார்த்தேன். பிறகு சந்தித்த ஒரு தெரபிஸ்ட்தான் வேறு மாதிரி கேட்டார்: "குடிக்கச் சொல்ற அந்த ஆள் உங்களுக்காக என்ன செய்யறார்?"

எனக்குக் கோபம் வந்தது. குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டு வந்தவன் எனக்காக என்ன செய்தான் என்று கத்தினேன். அவர் பொறுமையாக இருந்தார். கோபக்காரர் சொல்ல வேண்டியதை முழுக்கச் சொல்லட்டும் என்றார். சொல்லி முடித்த பிறகு, அந்தக் குடிக்கச் சொல்பவன் பேசினான். "ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த போன் சத்தம் கேக்குது. அதை நீ கேக்கக் கூடாது. அதான்." அவ்வளவுதான் சொன்னான்.

இறந்த செய்தி வந்தது அந்த நேரத்தில்தான். அவன் அத்தனை வருடம் அந்தச் சத்தத்தை என் காதில் விழாமல் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறான். வழி மோசமான வழிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவன் எதற்காகச் செய்தான் என்று தெரிந்த பிறகு அவனோடு ஒப்பந்தம் பேச முடிந்தது. அந்த போன் அழைப்பை நான் தெரபிஸ்டோடு உட்கார்ந்து கேட்கிறேன், கேட்டு உயிரோடு இருந்து காட்டுகிறேன், அதுவரை கொஞ்சம் பொறு என்றேன். அப்பாவுக்குச் செய்ய வேண்டியதை அதன் பிறகுதான் ஊரில் போய்ச் செய்தேன்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் குடியைத் திடீரென்று தனியாக நிறுத்திவிடாதீர்கள். வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வரை போகும், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் பார்வையில் மருந்தோடு நிறுத்துங்கள். உள்ளே பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு.

தமிழாசிரியர்:

தெரபி அனுபவம் எனக்கில்லை. ஆனால் படிக்கும்போதே நற்றிணையின் 284ஆம் பாடல் நினைவுக்கு வந்துவிட்டது. பொருள் தேடிப் போன ஒருவன் பாதி வழியில் நிற்கிறான். வீட்டில் விட்டு வந்தவளின் துயரைத் தீர்க்கத் திரும்பிப் போவோம் என்கிறது நெஞ்சம். எடுத்த காரியத்தை முடிக்காமல் விட்டால் இழிவுதான் மிஞ்சும், அவசரப்படாதே என்கிறது அறிவு. இரண்டு யானைகள் இரண்டு பக்கமும் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு போல என் உடம்பு அழிந்துவிடுமோ என்கிறான் அவன். அந்த உவமையாலேயே பாடியவருக்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று பெயர் வந்தது.

வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், நெஞ்சும் அறிவும் பேசுது, உடம்பு வலிக்குதுன்னு சொல்றது யாரு?" அன்று நான் சொன்ன பதிலைவிட அவள் கேள்வியே எனக்குப் பெரிதாகப் பட்டது. இரண்டு பக்கத்தையும் கேட்டுக்கொண்டு, எந்தப் பக்கத்தையும் திட்டாமல், தன் நிலையைச் சொல்லும் ஒருவர் அந்தப் பாட்டுக்குள் இருக்கிறார். நீங்கள் செல்ஃப் என்று எழுதியது அவரைத்தானோ என்று தோன்றுகிறது. குறளிலும் நெஞ்சோடு பேசுவதற்கு ஒரு அதிகாரம் (125), நெஞ்சோடு ஊடுவதற்கு ஒரு அதிகாரம் (130) என்று இரண்டு இருக்கின்றன. அவற்றில் தலைவி தன் நெஞ்சைக் கோபித்துக்கொள்கிறாள், கெஞ்சுகிறாள், துணைக்குக் கூப்பிடுகிறாள். உள்ளே இருப்பவரை நீ என்று விளித்துப் பேசுவது நம் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பழக்கமே இல்லை.

முடக்குவாதத்தோடு:

எனக்கு ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம். காலையில் விரல்களை மடக்கவே நேரமாகும். இந்த முறைக்கும் என் நோய்க்கும் என்ன தொடர்பு என்று தேடியபோது, 2013இல் வெளிவந்த ஒரு ஆய்வு கிடைத்தது. பாஸ்டனில் ப்ரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் செய்தது. முடக்குவாதம் உள்ள 79 பேரை இரண்டாகப் பிரித்து, 39 பேருக்கு ஒன்பது மாதம் ஐஎஃப்எஸ் தந்தார்கள், 40 பேருக்கு நோய் பற்றிய கல்வி மட்டும் தந்தார்கள். ஐஎஃப்எஸ் குழுவில் வலியும் உடல் இயக்கமும் மேம்பட்டன. தங்கள் மூட்டு வலி குறைந்ததாக அவர்களே சொன்னதும், மனச்சோர்வு குறைந்ததும், தன்மீது பரிவு கூடியதும் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் நீடித்தன. பதற்றத்திலும் நோயின் தீவிரத்திலும் அப்படி நீடித்த மாற்றம் இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் நான் படித்துவிட்டு அழுதேன், ஏனென்றால் வலியோடு இருக்கிற எங்களைப் பார்த்து ஒருவர் இதை முயன்று பார்த்திருக்கிறார்.

என் அனுபவத்தில், வலியோடு பேசுவதற்கு முன் வலியை வெறுப்பவளோடு பேச வேண்டியிருந்தது. விருந்தாளி வந்தால் எழுந்து காபி போட்டே தீர வேண்டும் என்று விரட்டுபவள் அவள். உட்கார்ந்தே இருந்தால் "சோம்பேறி மருமகள்" என்று பெயர் வாங்குவாள் என்று பயப்படுகிறாள். அந்தப் பயத்துக்கு வேர் இருந்தது, அதை இங்கே விரிக்க விரும்பவில்லை. இப்போதெல்லாம் கை வீங்கிய நாளில், "இன்னிக்கு நீங்களே போட்டுக்கங்க, எனக்கும் ஒண்ணு" என்று சொல்ல முடிகிறது. மாத்திரைகளை ஒருநாளும் விடவில்லை, விடவும் கூடாது.

வார்டு சிஸ்டர்:

மனநலப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். இந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருக்கிறது, கூடவே ஒரு கவலையும் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஏதோ ஒரு வார இறுதிப் பயிற்சிக்குப் போனாள். நேராகக் குழந்தைப் பருவத்துக்குக் கூட்டிப் போய், கண்ணை மூடி அந்தக் குழந்தையைக் கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்குச் சின்ன வயதில் மோசமான கொடுமை நடந்திருக்கிறது, அது அங்கே யாருக்கும் தெரியாது. அதன் பிறகு தூக்கம் போய், கையைக் கீறிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டாள். ஐஎஃப்எஸ் முறைப்படியே அது தவறான வரிசை. காவலுக்கு நிற்கும் பகுதிகளிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அங்கேயே நின்று, ஏன் வேண்டாம் என்று கேட்க வேண்டும். அவர்களைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனால் அவர்கள் இன்னும் கடுமையாகத் திருப்பி அடிப்பார்கள். முதலில் எழுதியவரிடம் எரிச்சல்படுகிற பகுதியைத் தள்ளி உட்காரச் சொன்னார்களே, அந்த நிதானம் எல்லா இடத்திலும் வேண்டும்.

இன்னொன்றும் பலர் கேட்கிறார்கள்: இது பல ஆளுமை நோயா? இல்லை. டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர் என்பது வேறு. அதில் நினைவே விட்டுப் போகும், நடந்தது தெரியாமலே நாளின் ஒரு பகுதி காணாமல் போகும். காதில் வெளியிலிருந்து குரல் கேட்டு, அது கட்டளை போடுகிறது என்றால், அதோடு நீங்களாகப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டாம், முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால், மனநல உதவிக்கான தொலைபேசிச் சேவை டெலி மானஸ், எண் 14416. 2022இலிருந்து இருக்கிறது, இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். என் வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் எழுதித் தருகிறேன்.

மொட்டைமாடி:

நான் பெரிய காயம் எதையும் சொல்ல வரவில்லை. வீட்டுச் சண்டைதான்.

எனக்கும் கணவருக்கும் சண்டை வந்தால் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். இந்த முறையைப் பற்றிப் படித்த பிறகு ஒருநாள், வாயை மூடிக்கொள்ளாமல், உள்ளே இருப்பதை அப்படியே சொல்லிப் பார்த்தேன். "எனக்குள்ள ஒருத்திக்கு உங்க மேல கடுங்கோபம். அவளைத் தாண்டி இன்னொருத்தி, நீங்க மதியம் சாப்பிட்டீங்களான்னு கேக்கறா. ரெண்டு பேரும் இருக்காங்க" என்றேன். கோபத்தைச் சொன்னேனே தவிர, கோபமாகவே ஆகிவிடவில்லை. அது எனக்கே புதிதாக இருந்தது.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நீ பேசாம இருக்கும்போது எனக்குள்ள ஒரு சின்னப்பையன் ரொம்பப் பயந்துபோறான்" என்றார். அவருடைய அம்மா கோபம் வந்தால் நாள்கணக்கில் பேச மாட்டாராம். சமைத்து வைப்பாராம், பரிமாறுவாராம், முகத்தைப் பார்க்க மாட்டாராம். திருமணமாகி இத்தனை வருடத்தில் இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. அவர் கத்துவதெல்லாம் என்னை எப்படியாவது பேச வைக்கத்தான் என்று அன்றுதான் புரிந்தது. நான் மௌனமாவது அந்தக் கத்தலுக்குப் பயந்து. இருவரின் காவல்காரர்களும் ஒருவரையொருவர் கிளப்பிவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

சண்டை நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போது எனக்குப் பேச முடியாவிட்டால், "அரை மணி நேரம் வேணும், அப்புறம் நானே வந்து பேசறேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போகிறேன். சொன்னபடி வந்தும் விடுகிறேன். அடுத்த வாரம் அவரும் கவுன்சலரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறார். சேர்ந்து போவதா, முதலில் அவர் தனியாகப் போவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். தம்பதியாகப் போனவர்கள் யாராவது இருந்தால் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.