சிறிய காரில் டாங்க்வா கரூ செல்வது பற்றி ஒரு சந்தேகம்

கேள்வி (கேப் டவுன்):
அனைவருக்கும் வணக்கம். டர்பனிலிருந்து வரும் என் அம்மாவுக்கு, மே மாதப் பிற்பகுதியில் ஒரு வார இறுதியில், டாங்க்வா கரூவின் பாலை வெளியைக் காட்ட விரும்புகிறேன். ஏப்ரல் இறுதியை ஒட்டி நடக்கும் ஆஃப்ரிக்காபர்ன் விழாக் கூட்டம் அதற்குள் கலைந்திருக்கும்; பள்ளி விடுமுறையும் தொடங்கியிருக்காது. எங்களுடையது தாழ்வான சிறிய கார். ஸ்டெப்னியும் தற்காலிகமாக மாட்டும் மெலிந்த வகை. சென்ற ஆண்டு வேறொரு சரளைச் சாலையில் டயரின் பக்கவாட்டில் வெட்டு விழுந்தபோது பஞ்சர் ஒட்டும் பொருள்கள் எவையும் உதவவில்லை. டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டால், அங்கே செல்லும் ஆர்355 சரளைச் சாலையில் போய்வர முடியுமா?

பதில் (ஊஸ்டர்):
தம்பி, ஆர்355 சாலையில் சிரீஸ் முதல் கால்வினியா வரை ஏறத்தாழ 250 கிலோமீட்டருக்கு இடையில் ஓர் ஊர்கூடக் கிடையாது. பெரும்பகுதியில் கைப்பேசித் தொடர்பும் இராது. அந்தச் சாலையில் கிடப்பவை உருண்டைக் கற்கள் அல்ல, தகடு தகடாக உடைந்த களிப்பாறைச் சில்லுகள். அவற்றின் விளிம்பு கத்திபோல் இருக்கும். ஓடுதளத்தில், அதாவது தரையில் படும் டயர்ப் பரப்பில், விழும் துளையை அடைத்துவிடலாம், ஆனால் பக்கவாட்டு வெட்டுக்கு டயரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே முழு அளவு ஸ்டெப்னி ஒன்றாவது, முடிந்தால் இரண்டு, கட்டாயம் வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள். சக்கரத் தடம் பதிந்த பகுதியிலேயே ஓட்டுங்கள். ஓரத்தில்தான் கூரிய சில்லுகள் ஒதுங்கிக் கிடக்கும். காற்றை 1.8 பார் அளவுக்குக் குறைப்பது நல்லது. டாங்க்வா கரூ தேசியப் பூங்காவுக்குள் பெட்ரோல் கிடைக்காது என்பதால் சிரீஸிலேயே தொட்டியை நிரப்பிவிடுங்கள்.

பதில் (லெனேசியா):
காற்றைப் பற்றி மேலே உள்ள கருத்திலிருந்து சற்று மாறுபடுகிறேன். காற்றைக் குறைத்தால் ஓடுதளம் கல்லுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் பக்கச்சுவர் வெளியே புடைத்து, வெட்டுப்படக்கூடிய பரப்பு அதிகமாகும். சிறிய காரின் மெல்லிய டயரில் சிறிதளவே குறைக்க வேண்டும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் உடனே நிரப்புவதற்குக் காற்றடிக்கும் பம்ப்பும் கையில் இருக்க வேண்டும். வாடகைக் கார் எடுக்கும் எண்ணம் இருந்தால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். சரளைச் சாலையில் டயருக்கு ஏற்படும் சேதத்தைப் பல ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை.

பதில் (டர்பன்):
வயதான அம்மாவை அழைத்துச் செல்வதால், ஆர்355 சாலையையே விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். என்1 வழியாக மத்யேஸ்ஃபொன்டெய்ன் சென்று, அங்கிருந்து ஆர்354 சாலையில் சதர்லாந்து ஊரை அடையலாம், முழுவதும் தார்ச்சாலை. வழி நெடுக அதே கரூவின் வறண்ட வெளிதான், ஆள் நடமாட்டமும் குறைவு. 2005-இல் திறக்கப்பட்ட சால்ட் எனும் பெரிய ஆய்வுத் தொலைநோக்கி ஊருக்கு அருகே உள்ளது; சுற்றிப்பார்க்க முன்பதிவு அவசியம். இரவில் வானம் காட்டுவது சிறிய தொலைநோக்கிகளில்தான், சால்ட்டில் அல்ல என்பதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஊர் 1,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால் மே மாத இரவுகளிலேயே உறைபனி விழலாம். கம்பளிச் சால்வையும், அறையில் வெப்பமூட்டியும் இருக்க வேண்டும். அங்கிருந்து ஔபெர்க் கணவாய் வழியே டாங்க்வாவுக்குள் இறங்கும் பாதை செங்குத்தானது, உங்கள் காருக்கு ஆகாது.

கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. அம்மாவின் வசதியை எண்ணி இம்முறை சதர்லாந்து வழியையே தேர்ந்தெடுத்துவிட்டோம். இருந்தாலும் முழு அளவு ஸ்டெப்னியைப் புறப்படுவதற்கு முன்பே வாங்கிவிடுகிறேன். அக்கா, சதர்லாந்தில் ஞாயிறு காலையில் பெட்ரோல் நிலையம் திறந்திருக்குமா, அல்லது சனிக்கிழமையே நிரப்பிக்கொள்ள வேண்டுமா?

பதில் (டர்பன்):
சிற்றூர் என்பதால் ஞாயிற்றுக்கிழமையை நம்ப வேண்டாம். சனிக்கிழமை பகலிலேயே நிரப்பிவிடுங்கள்.